உங்களுக்குத் தெரியுமா? தங்கச் சுரங்கத்தில் சிக்கிய நியூட்ரினோ

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தை அடுத்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை கூட்டாக நடத்திய சோதனை, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற நுண்துகளின் தடயத்தை 1965-இல் பதிவுசெய்தது. அண்டக்கதிர்களால் விளையும் மியூவான் துகள்கள் ஆழத்துக்கேற்ப எவ்வாறு குறைகின்றன என்பதை அதே சுரங்கப் பகுதியின் பல மட்டங்களில் முன்னதாகவே அளந்திருந்ததால், மேலிருந்து வரும் மியூவான்கள் மிக அரிதாகிவிடும் ஆழத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. துகள் ஊடுருவும்போது ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளையும் அதன் பாதையைக் காட்டும் நியான் குழாய்களையும் சுவர்போல் நிறுத்தி, பக்கவாட்டில் வரும் மியூவான்களை, நியூட்ரினோ பாறையில் மோதியதன் விளைவு என்று அறிவியலாளர்கள் இனங்கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய பதிவு கிடைத்தது. இயற்கையில் தோன்றும் நியூட்ரினோவுக்கு இவ்விரண்டுமே முதல் சான்றுகள்.