பாப்பாவுக்குப் பழ இனிப்பு: சீனி இல்லாமல் செய்ய முடியுமா?

ஜொகூரில் குளுவாங்கிற்குப் போகும் ரயில் பாதையோரம் இருக்கும் சிற்றூர் பாலோ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இந்த மாதிரி ஊர்களில் வாழைக்கும் பப்பாளிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பாப்பாவுக்குப் பழம் மசிக்கும்போது, "கொஞ்சம் சீனி போட்டா என்னம்மா? பிள்ளை நல்லா சாப்பிடும்ல?" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் பாட்டியின் குரல்தான்!

போட்டால் என்ன?

மலேசியாவில் 2015இல் நடந்த தேசிய ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பல் முளைக்கும் முன்பே நாக்கு இனிப்புக்குப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். 2 வயது வரை சீனி அதிகமுள்ள உணவும் இனிப்புப் பானமும் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி.

டின் பால் இன்னும் பழைய கதை. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஓர் உரை ஆற்றினார். தலைப்பு, 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாக விற்றதைத்தான் அவர் அப்படிக் கடுமையாகச் சாடினார். அதனால் பழ மசியலில் டின் பாலையும் ஊற்ற வேண்டாம்.

தேன்? 1 வயது வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். குலா மலாக்காவும் சீனிதான், நிறம்தான் வேறு.

அப்போ இனிப்பு எங்கிருந்து வரும்?

பழுப்பதிலிருந்து. காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்த பீசாங் எமாஸ்தான் பாப்பாவுக்கு ஏற்றது. கடைக்காரர் ஒதுக்கி வைப்பதை நீங்கள் தேடி வாங்கலாம்!

6 மாதம் ஆனதும், பாதிப் பழத்தை முள்கரண்டியால் மசித்து, தாய்ப்பால் சேர்த்துத் தளர்த்தினால் போதும். பப்பாளியை மசித்துச் சீனி சேர்க்காத கெட்டித் தயிரில் கலக்கலாம்.

1 வயது தாண்டியவர்களுக்கு மாம்பழ ஜவ்வரிசி. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே ஜவ்வரிசியைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேகவைத்து, வடிகட்டி, மசித்த மாம்பழத்தோடு 2 கரண்டி தேங்காய்ப்பால் சேர்க்கவும்.

ஐஸ்கிரீம் கேட்கும் வயதா? வாழைப்பழத் துண்டுகளை உறையவைத்து அரையுங்கள். பாலே இல்லாமல் கிரீம் மாதிரி வரும்.

பழம் மட்டும் போதுமா?

போதாது. 6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து குழந்தைக்குப் பற்றாது. பழத்திலும் அது குறைவு. முட்டை, மீன், பருப்பு சாப்பிட்ட பிறகு பழம் கொடுங்கள். பப்பாளி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாறு பிழிய வேண்டாம், நார்ச்சத்து சக்கையோடு போய்விடும்.

தொண்டையில் சிக்கினால்?

இதில்தான் அதிகக் கவனம் தேவை. ரம்புத்தான், லங்சாட், சீக்கு எல்லாவற்றிலும் கொட்டையை எடுத்துவிட்டு, சதையைப் பொடியாக நறுக்குங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பச்சை ஆப்பிளைத் துருவுங்கள், அல்லது வேகவையுங்கள். பிள்ளை உட்கார்ந்தே சாப்பிடட்டும், ஓடும்போது ஊட்டாதீர்கள்.

நம் வெயிலுக்கு மசித்த பழம் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பிள்ளையின் கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம். புதுப் பழம் கொடுத்த பிறகு உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.