ஓடும் வீட்டில் ஓய்வு உண்டா?

குடித்தனத்தை அப்படியே தூக்கி நான்கு சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு ஓர் அந்நிய தேசத்தைச் சுற்றி வரலாம் என்று யாராவது சொன்னால் என்ன நடக்கும்? "ஆகா! ஓட்டல் செலவு மிச்சம்!" என்று வீட்டுக்காரர் துள்ளிக் குதிப்பார். குழந்தைகள், "மேல் படுக்கை எனக்கு, கீழ்ப் படுக்கை உனக்கு" என்று அப்போதே சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். ஆனால், சகோதரி, உங்கள் மனத்தில் எழும் கேள்வியே வேறு. "அங்கேயும் நான்தானே சமைக்க வேண்டும்?"

நியாயமான கேள்வி! சிக்கனப் பிரயாணத்துக்கு யோசனை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். நியூஜிலாந்தை உதாரணமாக வைத்துக்கொண்டு, மோட்டார் ஹோம் என்னும் இந்த ஓடும் வீட்டின் வரவு செலவை உள்ளது உள்ளபடி பார்த்துவிடுவோம்.

ஏன் நியூஜிலாந்து?

நம் தமிழ்நாட்டைப் போல் சுமார் இரண்டு மடங்கு பரப்புள்ள தேசம் அது. ஜனத்தொகையோ 50 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது சென்னை மாநகரத்தைவிடக் குறைவு! ஆகவே ஊருக்கு வெளியே சாலைகள் ஏகாந்தமாகக் கிடக்கின்றன. நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். லைசென்ஸ் இங்கிலீஷில் இருந்துவிட்டால் நம் ஊர் லைசென்ஸே போதும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. பூமியின் தென்பாதியில் இருப்பதால், நமக்குக் கோடை விடுமுறை வரும்போது அங்கே இலையுதிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள கூட்டமும் வாடகை உச்சமும் ஏப்ரலில் தணிந்துவிடும். ஆரோடவுன், வானாகா பக்கங்களில் மரங்கள் பொன் மயமாக நிற்கும். மலைப் பிரதேசத்தில் இரவுக் குளிர் மட்டும் எலும்பைத் தொடும். கம்பளியில் சிக்கனம் கூடாது.

வண்டியின் லட்சணம்

பார்வைக்கு ஒரு வேன்தான். உள்ளே போனால், பகலில் மேஜை நாற்காலி, இரவில் அதுவே கட்டில். காஸ் அடுப்பு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, குட்டிக் குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு. குடிநீருக்கு ஒரு டாங்கி, கழுவிய நீர் சேர்வதற்கு வேறு டாங்கி. கழிப்பறைக்கு அடியில், வெளிப்பக்கமாக உருவி எடுத்துக் காலி செய்யும்படியான ஒரு பெட்டி. விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் தனி பாட்டரி.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். அந்தப் பாட்டரியில் விளக்கு எரியும், மிக்ஸி ஓடாது! முகாமில் மின்சார இணைப்பு கொடுத்த இரவில்தான் அந்தச் சௌகரியங்கள். ஆகவே அரைத்துவிட்ட சாம்பாரை மறந்துவிட்டுப் பொடி போட்ட சாம்பாருக்குத் தயாராகிவிடுங்கள். வண்டி ஓடும்போதே அடுப்பை மூட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனி இருக்கை கட்டாயம். அதை முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் எங்கே கரைகிறது?

நியூஜிலாந்து டாலர் ஒன்றுக்கு நம் பணத்தில் சுமார் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். விசாவோடு சேர்த்து வெளிநாட்டுப் பிரயாணிகளிடம் தலைக்கு 100 டாலர் வரி வாங்குகிறார்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குச் சக்கரம் சுழலுவதற்கு முன்பே 20,000 ரூபாய் போய்விட்டது!

அடுத்தது வண்டி வாடகை. இங்கே ஏமாறுகிற இடம் இன்ஷூரன்ஸ். தினசரி வாடகையைக் குறைத்துக் காட்டிவிட்டு, விபத்து நேர்ந்தால் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்தத் தொகையைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பதும் உண்டு. மரக்கிளையில் கூரை இடித்தால் பல ஒப்பந்தங்களில் காப்பு கிடையாது. ஸ்கிப்பர்ஸ் ரோடு போன்ற சில பாதைகளில் போனால் இன்ஷூரன்ஸே செல்லாது. கையெழுத்துக்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

டீசல் விலையைப் பார்த்து, "அட, பெட்ரோலைவிட மலிவாயிருக்கிறதே!" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பச் சாலை வரி தனியாக உண்டு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அது பில்லில் வந்து நிற்கும்.

வட தீவிலிருந்து தென் தீவுக்குப் போக வெல்லிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பல். சுமார் மூன்றரை மணி நேரம். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு கட்டணம்! ஆகவே இரண்டு வாரமே இருக்கிறவர்கள் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கித் தென் தீவை மட்டும் நிதானமாகப் பார்ப்பது லாபம்.

இரவுக்கு எங்கே?

மூன்று வகை இடங்கள். முதலாவது, ஹாலிடே பார்க் என்னும் தனியார் முகாம். மின்சாரம், வெந்நீர், துணி துவைக்கும் யந்திரம், பெரிய பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும். வாடகையும் அதற்கு ஏற்ப இருக்கும். இரண்டாவது, அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு இலாகா நடத்தும் முகாம்கள். வசதி குறைவு, கட்டணமும் குறைவு. ஆவோராக்கி என்னும் 3,724 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்று இப்படி ஒரு முகாம் இருக்கிறது. அங்கே மின்சாரம் கிடையாது. ஆனால் பக்கத்து ஓட்டலில் பெரும் பணம் கொடுத்துத் தங்குகிறவருக்குத் தெரிகிற அதே பனிமலைதான் உங்கள் ஜன்னலிலும் தெரியும்!

மூன்றாவது, காசே இல்லாமல் தங்குவது. இது கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவது அல்ல. ஊராட்சிகள் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும், அதுவும் பெரும்பாலும் கழிப்பறை உள்ளேயே நிலையாகப் பொருத்திய, பச்சைச் சான்றிதழ் பெற்ற வண்டிக்கு மட்டும். பிரயாணிகள் சிலர் அசுத்தம் செய்ததால் 2023-ல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். மீறினால் அபராதம், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

இரண்டு இரவு மலிவான முகாம், மூன்றாம் இரவு ஹாலிடே பார்க் என்று மாற்றி மாற்றித் தங்கினால் செலவும் கட்டுப்படும், அழுக்குத் துணியும் சேராது.

பொடி டப்பாவும் அபராதமும்

ஊறுகாய், பருப்புப் பொடி, வடகம் இல்லாமல் நம்மவர்கள் கடல் தாண்டுவார்களா? தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் ஒன்று விடாமல் அறிவிப்பில் எழுதிவிடுங்கள். வேளாண்மையை நம்பி வாழும் தேசம் அது; ஒரு பூச்சியோ விதையோ நுழைந்தால் அவர்கள் பிழைப்புக்கே ஆபத்து. தேன் எடுத்துப் போகக் கூடாது. கைப்பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கு 400 டாலர் அபராதம், அதாவது 20,000 ரூபாய்! எழுதிவிட்டால் பயமில்லை. கூடாத பொருளை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. ஆக்லந்தில் இறங்குகிறவர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று சாண்ட்ரிங்ஹாம் பக்கம் போனால் இந்தியக் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும்.

அவசரப்படாதீர்கள்

நாள் ஒன்றுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட வேண்டாம். மலைப் பாதைகள் பாம்பு போல் வளைகின்றன. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் பல. எதிரே வருகிறவருக்கு வழியா, நமக்கு வழியா என்பதைப் பலகை சொல்லும். பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுவதுதான் அங்கே மரியாதை. மில்போர்டு சவுண்டுக்குப் போகுமுன் டே அனாவில் டாங்கியை நிரப்பிவிடுங்கள். அந்தப் பாதையில் கீயா என்ற மலைக்கிளி வரும். அழகாயிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் ஜன்னல் ரப்பரைப் பிய்த்துவிடும்!

கரண்டி யார் கையில்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஓட்டல் அறைக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் கொடுக்கிற பணம் மிச்சமாகிறது என்றால், அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். காலையில் காப்பி, மத்தியானக் கட்டுச்சாதம், இரவு ரசம், அப்புறம் பாத்திரம், படுக்கை. இவ்வளவையும் ஒரே ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, "எவ்வளவு சிக்கனமாகப் போய்வந்தோம்!" என்று பெருமை பேசினால், அந்தச் சிக்கனம் அவளுடைய விடுமுறையைத் திருடியது அல்லவா?

ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் கணக்கை ஒரு பக்கம் எழுதுங்கள். வேலைக் கணக்கை மறு பக்கம் எழுதுங்கள். கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது, தண்ணீர் பிடிப்பது, மின்சாரக் கயிறு மாட்டுவது, டீசல் போடுவது வீட்டுக்காரருக்கு. பாத்திரம் துடைப்பதும் படுக்கை மடிப்பதும் குழந்தைகளுக்கு. சமையல் ஒரு வேளை ஒரே குக்கரில். அடுத்த வேளை ரொட்டியும் பழமும். மூன்று நாளைக்கு ஒரு தடவை வெளியே வாங்கிச் சாப்பிடுவது என்று ஆரம்பத்திலேயே பணம் ஒதுக்கிவிட வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. டீசலைப் போல இதுவும் பிரயாணச் செலவுதான். ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறைதான் வீட்டுக்காரருக்கு நல்ல பள்ளிக்கூடம். முதல் தடவையாக அங்கே அவர் தோசைக் கரண்டியைப் பிடிக்கலாம். நம் ஊர்ப் பக்கத்து வீட்டார் யாரும் பார்க்கப் போவதில்லை!

அந்த மலைச் சிகரம் காலை வெயிலில் சிவக்கும் நேரம் சில நிமிஷம்தான். அந்த நிமிஷத்தில் நீங்கள் வெளியே நாற்காலியில் இருக்கிறீர்களா, உள்ளே பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதில்தான் பிரயாணத்தின் லாப நஷ்டம் இருக்கிறது.

ஒரு தமிழ் மணி

வெல்லிங்டன் நகரத்துப் பொருட்காட்சிசாலையான டே பாப்பாவின் சேகரிப்பில் ஒரு சிறிய வெண்கல மணி இருக்கிறது. அதில் பொறித்திருப்பது சாட்சாத் தமிழ் எழுத்து! முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836-ஐ ஒட்டி அதை வாங்காரே பக்கத்து மாவோரி மக்களிடம் கண்டெடுத்தார். தமிழ் மணி எந்தக் காற்றில் எந்தக் கடலைத் தாண்டி அங்கே சேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்வார் இல்லை. ஆனால் அவர் கண்டபோது அதை எதற்கு உபயோகித்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? மாவோரிப் பெண்கள் அதைத் தலைகீழாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்!

பார்த்தீர்களா? கப்பலில் கணீரென்று ஒலிக்க வேண்டிய மணியும் அத்தனை தூரம் போய் அடுப்பில்தான் ஏறியது. நீங்கள் போகும்போது அந்தக் கதி உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை இன்றைக்கே வீட்டுக்காரர் கண்ணில் படும்படி, அவருடைய காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்!