வாதத்திற்கு வலுச்சேர்ப்பது எது?

“மூணு மாசமா பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன். சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கு. இனிமே மாத்திரை எதுக்கு?” என்றார் அப்பா. பலதுறை மருந்தகத்தில் எடுத்த பரிசோதனை முடிவு அவர் கையில் இருந்தது. முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

நான் அப்போது ‘எல்சாட்’ பயிற்சித் தாளுடன் போராடிக்கொண்டிருந்தேன். அமெரிக்கா, கனடாவில் சட்டம் படிக்க விரும்புவோர் எழுதும் தேர்வு அது. 2024 ஆகஸ்ட் முதல், அதில் மதிப்பெண் கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு, தர்க்கச் சிந்தனை தொடர்பானவை. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். அடிக்கடி வரும் கேள்வி இது: “கீழ்க்காண்பவற்றில் எது உண்மையானால் இந்த வாதத்திற்கு மிகவும் வலுச்சேர்க்கும்?”

நான் அதிகம் சறுக்கியது இந்தக் கேள்வியில்தான். முடிவுக்குச் சாதகமாகத் தோன்றும் விடையைச் சட்டென்று தேர்ந்தெடுத்துவிடுவேன். அப்பா சொன்னதையே ஒரு கேள்வியாக எழுதிப் பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது.

ஆதாரம்: ஜூஸ் குடிக்கத் தொடங்கிய பிறகு சர்க்கரை குறைந்தது. முடிவு: ஜூஸ்தான் அதற்குக் காரணம். எது வலுச்சேர்க்கும்?

அ) பாகற்காய் ஜூஸ் நல்லது என்று அப்பாவின் நண்பர்கள் பலரும் நம்புகின்றனர்.
ஆ) பாகற்காயில் வைட்டமின் சி உள்ளது.
இ) அந்த மூன்று மாதங்களில் அப்பாவின் உணவு, உடற்பயிற்சி, மாத்திரை எதிலும் மாற்றமில்லை.

பழைய நானாக இருந்தால் ‘அ’ அல்லது ‘ஆ’வை எழுதியிருப்பேன். இரண்டும் பாகற்காயைப் புகழ்கின்றன. ஆனால் வாதத்தில் உள்ள ஓட்டையை அடைக்கவில்லை. ஒன்றுக்குப் ‘பிறகு’ நடந்தது அத‘னால்’தான் நடந்தது என்று ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ‘இ’ பாகற்காயைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் மற்ற காரணங்களை அது விலக்கிவிடுகிறது. அதனால் அதுவே சரியான விடை.

வரலாற்றிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1854இல் லண்டனின் சோஹோ வட்டாரத்தில் காலரா பரவி, பத்து நாள்களில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிராட் ஸ்ட்ரீட் தெருவிலிருந்த அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்னோ. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. குழாய்க்கு அருகில் வசித்தவர்கள் இறந்தார்கள் என்பது மட்டும் போதாது. அவர்கள் சுவாசித்ததும் ஒரே காற்றுதானே!

ஸ்னோ அந்த ஓட்டையைத் தேடிப்பிடித்து அடைத்தார். அதே தெருவில் இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்கள் அதே காற்றைச் சுவாசித்தும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டியோ, அந்தத் தண்ணீரை விரும்பி வரவழைத்துக் குடித்து இறந்துபோனார். இந்த இரண்டு தகவல்களும் காற்றையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டின.

இப்போது நான் மூன்று படிகளைப் பின்பற்றுகிறேன். முதலில் முடிவு எது, ஆதாரம் எது என்று பிரிப்பேன். அடுத்து, “ஆதாரம் உண்மையாகவே இருந்தாலும் முடிவு எப்படித் தவறாகலாம்?” என்று கேட்பேன். கடைசியாக, அந்த வழியை அடைக்கும் விடையைத் தேடுவேன். விடைகள் உண்மையா என்று ஆராய வேண்டாம். உண்மை என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது கேள்வி. விடை வாதத்தை முழுமையாக நிரூபிக்கவும் வேண்டாம், வலுவாக்கினால் போதும்.

அன்று அப்பாவிடம் நான் வாதாடவில்லை. “இந்த மூணு மாசத்துல வேற எதையாவது மாத்தினீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தார். “சாயங்காலம் பார்க்ல நடக்கிறேன். தே தாரிக் விட்டுட்டு தே கோசோங் குடிக்கிறேன்.” சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: “மாத்திரையையும் ஒரு நாள்கூட விடல.”

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதில்லை என்று அவரே முடிவெடுத்தார். பாகற்காய் ஜூஸ் மட்டும் தொடர்கிறது. இப்போது எனக்கும் தினமும் ஒரு கிளாஸ்.