கெர்னல் அப்டேட் போட்டதும் டெஸ்க்டாப் காணாமல் போவது ஏன்? செய்ய வேண்டியது என்ன?

2024 பிப்ரவரி 10-ம் தேதி டெபியன் லினக்ஸின் 12.5 பதிப்பு வெளியானது. பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் கொண்ட வழக்கமான அப்டேட்தான். ‘ஸ்டேபிள்தானே, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்’ என்று நம்பியவர்களில், என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்த பலருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. புது கெர்னலுக்கு டிரைவர் பொருந்தாமல், அப்டேட் பிழைச் செய்தியோடு பாதியில் நின்றது.

சிக்கல் எங்கே?

ஹார்டுவேருக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே நின்று வேலை வாங்குவது கெர்னல். அதை மாற்றினால் பிரவுசரோ ஆபீஸ் மென்பொருளோ பொதுவாகப் படுத்துவிடாது. வெளியே இருக்கும் புரோகிராம்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பவே கறார்.

ஆனால், கெர்னலின் உள் அமைப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது மாறிக்கொண்டே இருக்கும். கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர்கள் கூடவே திருத்தப்பட்டுவிடும். என்விடியாவின் சொந்த டிரைவர், இசட்எஃப்எஸ் போன்றவை வெளியில் இருந்து வருபவை. ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகவே செய்யும். அது தோற்றால்தான் தலைவலி.

12.5-ல் நடந்தது என்ன?

கெர்னலில் ஏற்கெனவே இருந்த ஒரு ஃபங்ஷன், திருத்தத்துக்குப் பிறகு, ஜிபிஎல் உரிமம் உள்ள மாட்யூல்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட இன்னொரு ஃபங்ஷனை அழைக்கத் தொடங்கியது. என்விடியா டிரைவருக்கு அந்த உரிமம் இல்லை. எனவே கம்பைல் ஆகவில்லை. பின்னர் திருத்திய டிரைவர் பேக்கேஜை டெபியன் வெளியிட்டது. அதுவரை பழைய கெர்னலில் பூட் செய்தவர்களுக்கு வேலை தடைபடவில்லை.

பேக்போர்ட்ஸ் கெர்னல் போடலாமா?

டெபியன் 12-ன் கெர்னல் 6.1. புது லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை என்று சிலர் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னலை எடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் கெர்னல் மட்டும் முன்னே போய், டிரைவர் பழைய பதிப்பிலேயே நின்றால் இதே சிக்கல்தான். டிரைவரின் புதிய பதிப்பும் பேக்போர்ட்ஸில் இருந்தால், இரண்டையும் சேர்த்தே எடுப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

* கெர்னலின் அதே பதிப்புக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் டிரைவர் கம்பைல் ஆகாது.

* அப்டேட் முடிந்ததும் உடனே ரீஸ்டார்ட் வேண்டாம். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, புது கெர்னலுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று வருகிறதா எனப் பாருங்கள்.

* இடம் மிச்சம் பிடிக்க பழைய கெர்னலை அழிக்காதீர்கள். புதியது மக்கர் செய்தால், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழையதைத் தேர்வு செய்யலாம்.

* மறுநாள் காலை முக்கியமான வேலை இருந்தால், முந்தைய இரவில் கெர்னலைத் தொடாதீர்கள்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் கெர்னல் அப்டேட்டில்தான் வருகின்றன. ஸ்டேபிள் என்றால் மாறவே மாறாது என்று அர்த்தமில்லை. குறைவாக மாறும், அவ்வளவுதான். திரும்பிப் போக ஒரு வழியை வைத்துக்கொண்டு அப்டேட் போட்டால் பயமில்லை.