திண்ணைப் புலம்பலும் சங்கத் தீர்மானமும்

விளக்கு வைக்கும் நேரம். தறிக்குழியை விட்டு எழுந்தவர்களும், வயலிலிருந்து திரும்பியவர்களும் கோயில் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் வந்து கூடுகின்றனர். ஊர் வம்பிலே தொடங்கும் பேச்சு, சற்று நேரத்துக்கெல்லாம் ஒரே திசையில் திரும்பிவிடுகிறது. பாவு வந்து பதினைந்து நாள் ஆயிற்று என்கிறார் ஒருவர். முழங்கால் மிதியை மிதிக்க மறுக்கிறது என்கிறார் மற்றொருவர். பட்டம் வாங்கிய பையன் வீட்டில் இருக்கிறான் என்று ஒருவர் பெருமூச்செறிகிறார். நாம் விற்ற மறுவாரமே பருத்தி விலை ஏறுகிறது என்று இன்னொருவர் கூறுகிறார். இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். மறுநாள் மாலை, அதே திண்ணை, அதே பேச்சு.

இவ்வாறு புலம்புவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமும் அத்திண்ணையில் அமர்ந்து புலம்புகிறவர்களே. உழைத்து அலுத்தவன் தன் அலுப்பை வாய்விட்டுச் சொன்னால் நெஞ்சின் பாரம் சிறிது குறையத்தான் செய்யும். ஆயினும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை உறுத்துகிறது. திண்ணையில் இத்தனை சொல்லும் நாம், சங்கத்தின் பொதுச் சபையில் ஏன் வாய் திறப்பதில்லை? ஆண்டறிக்கை படிக்கப்படுகிறது, வரவு செலவுக் கணக்கு அங்கீகரிக்கப்படுகிறது, "அங்கத்தினர்களுக்குக் குறைகள் ஏதேனும் உண்டா?" என்று தலைவர் கேட்கிறார். சபை மௌனம் சாதிக்கிறது. காபி வழங்கப்படுகிறது. கூட்டம் இனிது முடிந்ததென்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. குறைகளோ எழுதப்படாமல் திண்ணைக்கே திரும்பிச் செல்கின்றன.

ராச்டேல் நெசவாளர் செய்தது

கூட்டுறவு இயக்கமே இத்தகைய புலம்பலிலிருந்துதான் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ராச்டேல் என்னும் ஊரில், கம்பளித் துணி நெய்வோர் 1843-ஆம் ஆண்டில் கூலி உயர்வு கேட்டுத் தோல்வியுற்றனர். வறுமையும் வேலையின்மையும் அவர்களை வாட்டின. நெசவாளரும் வேறு சில தொழிலாளருமாக 28 பேர் ஒன்றுகூடி, வாரந்தோறும் சில காசுகள் போட்டு, 28 பவுன் மூலதனம் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி ஆகியவையே அன்று அக்கடையிலிருந்த சரக்கு.

இவ்வளவும் கூட்டுறவு வகுப்புகளில் நாம் கேட்டதுதான். ஆனால் அவர்கள் தம் சங்கத்தின் நோக்கங்களாக எழுதிவைத்தவற்றை நம்மில் பலர் ஊன்றிக் கவனித்ததில்லை. கடை வைப்பது முதல் நோக்கம். வேலையிழந்த அங்கத்தினருக்கும், திரும்பத் திரும்பக் கூலி குறைக்கப்பட்டவர்களுக்கும் வேலை தரும்பொருட்டுப் பொருள் உற்பத்தி தொடங்குவது இன்னொன்று. அத்தகையோர் பயிரிட்டுப் பிழைக்க நிலம் வாங்குவதோ குத்தகைக்கு எடுப்பதோ மற்றொன்று. நெசவும் விவசாயமும் ஒரே சங்கத்தின் கவலையாக அன்றே எழுதப்பட்டன. அவர்களுடைய நோக்கங்கள் அனைத்தும் நிறைவேறிவிடவில்லை. எனினும், "நமக்கு வேலையில்லை" என்ற புலம்பல், சங்க விதிகளில் ஒரு வாசகமாக ஏறிவிட்டது. நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.

பாவு வராத நாட்கள்

நெசவாளனின் வேலையின்மை விசித்திரமானது. அவன் வீட்டில் தறி இருக்கிறது. சங்கத்தில் பெயர் இருக்கிறது. ஆகவே உலகத்தின் கண்ணுக்கு அவன் வேலையுள்ளவன். தீபாவளி விற்பனை முடிந்து, கிடங்கில் துணி தேங்கி நிற்கும்போது, சங்கம் நூல் கொடுப்பதைக் குறைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது, தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது, பாவு தளர்கிறது. புதுப் பாவு வந்தாலும், பழைய பாவின் நுனியோடு ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்கும்வரை நாடா ஓடாது. இந்த நாட்களுக்கெல்லாம் கூலி கிடையாது. நெய்து கொடுத்த துணிக்கு மட்டுமே கூலிப் புத்தகத்தில் வரி உண்டு. காத்திருந்த நாட்களுக்கு வரி இல்லை.

2019–20-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் சுமார் 35 லட்சம் பேர். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. கூலி விகிதம் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். தறி ஓடிய நாட்கள் குறைவு என்பது மற்றொரு காரணம். முன்னதைப் பற்றி மனுக்கள் போகின்றன. பின்னதைப் பற்றி மனு எழுதவும் நம்மிடம் கணக்கில்லை.

வெள்ளெழுத்தும் முழங்காலும்

முதுமையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் வெள்ளெழுத்து வருவது இயற்கை. குமாஸ்தாவுக்கு வந்தால் காகிதத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். நெசவாளி எதைத் தள்ளிப் பிடிப்பது? அச்சும் விழுதும் இருக்கும் இடத்திலேதான் இருக்கும்.

நம் சங்கத்து முதியவர் ஒருவரைப் பற்றி இங்கே கூறுவோம். பெயர் வேண்டியதில்லை. நாற்பதாண்டுகளாக 80-ஆம் நம்பர் நூலில் சேலை நெய்தவர். கரை பிடிப்பதில் அவருக்கு இணையில்லை என்று பெயரெடுத்தவர். இரண்டு ஆண்டுகளாக அவர் கொண்டுவந்த சேலைகளில் அங்கங்கே இழை விட்டிருந்தது. தரம் பார்ப்பவர் கூலியில் பிடித்தம் செய்தார். முதியவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கொடுத்ததை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனார். இளமையில் அரையணாப் பிடித்தத்துக்கும் நியாயம் கேட்டவர் அவர். இந்த மௌனமே நமக்கு வியப்பாக இருந்தது.

உண்மை பின்னரே தெரியவந்தது. அறுந்த இழைகளைக் காலையில் பள்ளிக்குப் போகுமுன் அவருடைய பேத்தி முடிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கூரைக் கண்ணாடி வழியே வெயில் நேராக விழும் மூன்று, நான்கு மணி நேரம் மட்டுமே அவர் தறியில் அமர்ந்தார். பேத்தி வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கச் சென்ற பிறகு, பாவு நகரவே இல்லை. காரியதரிசி அவர் வீட்டுக்குச் சென்று, "பெரியவரே, கண் தெரியவில்லை என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னது: "கண்ணு போச்சுன்னு சொன்னா பாவு போயிடும் தம்பி. பாவு போனா அப்புறம் நான் யாரு?"

அன்பர்களே, இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. முதுமையைச் சொன்னால் வேலை பறிபோகும் என்று ஓர் அங்கத்தினர் தம் சொந்தச் சங்கத்திடமே அஞ்சியிருக்கிறார். தனியார் முதலாளியிடம் அஞ்சுவது வேறு. இவரோ பங்குத்தொகை செலுத்திய உரிமையாளர்களில் ஒருவர். நாம் புள்ளிவிவரம் கேட்டோம், வசூல் கேட்டோம், துணி கேட்டோம். கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

பிறகு நடந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கப்பட்டது. சேலைப் பாவுக்குப் பதிலாக 40-ஆம் நம்பர் வேட்டிப் பாவு கொடுக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள், புதிதாகப் பாவு பிணைப்போருக்கு உடனிருந்து அவர் வழி காட்டுகிறார்; அதற்குச் சங்கம் ஒரு சிறு தொகை அளிக்கிறது. அவருடைய வருமானம் பழைய நிலைக்கு வந்துவிட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். குறைந்துதான் இருக்கிறது. முழங்கால் வலியும் தீரவில்லை. ஆனால் பிடித்தம் நின்றது. அவர் மீண்டும் வாய் திறந்து நியாயம் கேட்கிறார்.

அவருடைய மனைவியாரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ராட்டையில் தார் சுற்றியதும் நாற்பதாண்டுகளே. அவர் பெயர் சங்கப் புத்தகத்தில் இல்லை. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கென நம் மாநிலத்தில் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியத் திட்டமும் இருக்கின்றன. அவற்றின் பயன் அங்கத்தினராகப் பதிந்தவருக்கே சேரும். அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி நெசவாளர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். நம் சங்கத்து அங்கத்தினர் பட்டியலில் அவ்விகிதம் காணப்படவில்லை. பதிந்தவர்களுக்கும் தொல்லை தீர்வதில்லை. ஓர் அட்டையில் ஒரு பிறந்த தேதி, மற்றோர் அட்டையில் வேறொரு தேதி என்று, அறுபது வயதை நிரூபிக்க அறுபது தடவை நடக்கும் முதியவர்களை நாம் அறிவோம்.

வேலை தேடும் பிள்ளைகள்

தறிக்கு வராத பிள்ளைகளைத் திண்ணை கடுமையாக ஏசுகிறது. நாம் அதில் சேர விரும்பவில்லை. தந்தையின் கூலிப் புத்தகத்தைப் படித்த மகன் திருப்பூருக்குப் பஸ் ஏறினால், அவனுக்குக் கணக்குத் தெரிகிறது என்றே கொள்ள வேண்டும். வருந்தத்தக்கவர்கள் எங்கும் போகாமல் வீட்டிலிருப்போர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, தேர்வு மேல் தேர்வு எழுதுகிறார்கள். தறியில் உட்கார அவர்களுக்குக் கூச்சம். உட்கார் என்று சொல்லப் பெற்றோருக்குக் கூச்சம். சங்கத்திலோ கணக்கு எழுத ஆளில்லை. புதிய கரை வடிவங்களைக் கணிப்பொறியில் வரைய ஆளில்லை. துணியைப் படம் பிடித்து வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்ப ஆளில்லை. ஒரே தெருவில் வேலையற்ற இளைஞரும் ஆளற்ற வேலையும் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கின்றன.

பருத்தி விளைப்போர் குறை

நம் அங்கத்தினரில் பருத்தி விளைப்போருக்கும் இதே கதைதான். நம் மாநிலத்தில் பருத்தியைக் கையாலேயே பறிக்கிறோம். ஒரே வயலில் பலமுறை பறிக்க வேண்டும். பறிப்போரில் பெரும்பாலோர் முதுகு வளைந்த மூதாட்டிகள். வெடித்த காயின் மேல் ஒரு மழை விழுந்தால் பஞ்சு நிறம் மங்குகிறது. மூட்டையைக் கொண்டு சென்று ஏலத்துக்குக் காத்திருந்தால், ஈரப்பதம் அதிகம் என்று விலை குறைகிறது. 2022-ஆம் ஆண்டில், 356 கிலோ எடையுள்ள ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கடனுக்கு அஞ்சி முன்னரே விற்றுவிட்ட விவசாயிக்கு அவ்விலை கிட்டவில்லை. நூல் விலை ஏறியதால் நெசவாளிக்கும் வேலை குறைந்தது. இருவரும் திண்ணையின் இரு மூலைகளில் அமர்ந்து, அவனால் கெட்டேன் இவனால் கெட்டேன் என்று முணுமுணுத்தனர். ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருந்தால், இருவரும் ஒரே காற்றில் அடிபட்டவர்கள் என்பது விளங்கியிருக்கும்.

செய்யத்தக்கவை

வரும் பொதுச் சபைக் கூட்டத்துக்கு நான்கு யோசனைகளை அங்கத்தினர் முன் வைக்கின்றோம்.

முதலாவது: கூலிப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டும். நூலின்றியும் மழையாலும் தறி நின்ற நாட்கள் அதில் குறிக்கப்படட்டும். ஆண்டு முடிவில் அத்தொகையைக் கூட்டினால், எம்மாதத்தில் எவ்வளவு நூலிருப்பு வேண்டும் என்பதும், மேலிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இரண்டாவது: 50 வயது கடந்த அங்கத்தினருக்கு ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை. பார்வை குறைந்தவருக்குத் தடித்த நூல் பாவு கொடுக்கப்படும், எவருடைய பாவும் முதுமையின் பேரில் நிறுத்தப்படமாட்டாது என்று தீர்மானம் எழுத்தில் வேண்டும். வாய்மொழி உறுதி அச்சத்தைப் போக்காது.

மூன்றாவது: தார் சுற்றும், பாவு பிணைக்கும், நெய்யும் பெண்கள் விதிகள் இடங்கொடுக்கும் அளவில் தம் பெயரிலேயே அங்கத்தினராக வேண்டும். அட்டைகளில் உள்ள தேதிப் பிழைகளைத் திருத்த, படித்த இளைஞர் இருவர் சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் அமர வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும்.

நான்காவது: பொதுச் சபையில் கணக்கு படிக்குமுன் ஒரு மணி நேரம் குறை கேட்பதற்கென ஒதுக்கப்பட வேண்டும். சொல்லப்பட்டவை யாவும் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற வேண்டும். தீர்க்க இயலாதவையும் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு அவை மறுபடி படிக்கப்படட்டும்.

இவற்றால் எல்லாத் துன்பமும் அகலும் என்று நாம் வாக்களிக்கவில்லை. மழை பெய்யத்தான் செய்யும். முழங்கால் தேயத்தான் செய்யும். விசைத்தறியின் போட்டி நாளையே ஒழிந்துவிடாது. ஆனால் எழுதப்பட்ட குறைக்கு ஒரு தேதியும், ஒரு பொறுப்பாளரும், ஒரு பதிலும் உண்டு. காற்றில் விட்ட குறைக்கு அவை இல்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. நாம் நாள்தோறும் அழுகிறோம். அழும் இடத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். திண்ணைப் பேச்சை எவரும் நிறுத்த வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு எழுந்து துண்டை உதறும்போது, அன்று பேசியவற்றுள் ஒன்றையேனும் காகிதத்தில் எழுதி, மறுநாள் துணி கொண்டுபோகும் மூட்டையோடு சங்கத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அதை வாங்கிப் பதிந்து பதில் சொல்வது காரியதரிசியின் கடமை. சொல்கிறாரா என்று பார்ப்பது நம் எல்லோருடைய கடமை.