ஓடிபி ஒரு பவர் பத்திரமா?

தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கிறது என் பிரௌசிங் சென்டர். அங்கே நாளெல்லாம் காதில் விழும் வசனம், "தம்பி, நம்பர் வந்துச்சா? சொல்லுப்பா" என்பதுதான். பெரியவர் ஆதாரை டவுன்லோடு செய்ய வந்திருப்பார். அதில் இணைத்திருக்கும் சிம், மகனோடு ஷார்ஜா போயிருக்கும். வேலைக்கு நடுவே மகன் ஆறு இலக்கத்தைப் படிப்பான். இவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லுவார், ஜெராக்ஸ் எடுக்க நிற்பவர்கள் வரைக்கும் கேட்கும். நான் தட்டுவேன். கணினியைப் பொறுத்தவரை பெரியவரே சம்மதம் கொடுத்துவிட்டார். உண்மையில் சொன்னது மகன், தட்டியது நான்.

பத்திர ஆபீசில் இப்படி நடக்காது. இடத்தை விற்க மட்டும் பவர், வாடகை வசூலிக்க மட்டும் பவர் என்று எழுதலாம். யார், யாருக்காக, எதுவரைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மனம் மாறினால் ரத்து செய்யலாம். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் போச்சு. ஓடிபிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அதற்கு ஆதார்காரர்.

அப்பா காலமான பிறகும் அவர் போனை சார்ஜில் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாசம் மட்டும் காரணமில்லை, ஓடிபியும்தான்! இன்னொருவரின் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி-யின்படி மூன்று ஆண்டு வரை சிறை. இந்தப் பிள்ளைகள் மோசடிக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு நேர் வழி ஒன்று இருப்பதை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் அரசுச் சேவைகளுக்கு டிஜிடி என்ற அடையாளம் உண்டு. வயதான அம்மா, வரிக் கணக்குக்கு மட்டும் என்று மகளுக்கு அதிகாரம் தரலாம். மகள் தன் சொந்த டிஜிடியில் நுழைந்து அம்மாவுக்காக வேலை பார்ப்பாள். எஸ்டோனியாவின் அடையாள அட்டையில் ரகசிய எண் இரண்டு: ஒன்று ஆளைக் காட்ட, மற்றொன்று கையெழுத்துப் போட.  

நம் ஊரிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்கு 2021 நவம்பரில் முகம் காட்டும் வசதி வந்தது. அந்த ஆப்பில் உதவி செய்பவர் முதலில் தன் ஆதாரையும் தன் முகத்தையும் பதிய வேண்டும். அப்புறம்தான் ஓய்வூதியரின் முகம். போன் மகளுடையதாக இருக்கலாம், முகம் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். யார் உதவினார், யார் சான்று கொடுத்தார் என்பதில் குழப்பமே இல்லை. எல்லாச் சேவைகளும் இப்படி இருந்தால் என் கடையில் யாரும் ஷார்ஜாவுக்குப் போன் போட மாட்டார்கள்.

வருமான வரித் தளத்திலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கலாம். இறந்தவருக்கு வாரிசு பதிவு செய்துகொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பான், வாரிசுச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். துறை ஏற்றுக்கொண்டதும் மகன் தன் பானிலேயே, தன் பாஸ்வேர்டிலேயே உள்ளே போய் அப்பாவின் கணக்கைத் தாக்கல் செய்கிறான். அப்பாவின் சிம் தேவைப்படுவதில்லை.