கடலோரத்தில் ஒரு வெந்நீர்க் குளியல்

பனி தேசத்தில் வெந்நீருக்கு எங்கே போவார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஐஸ்லாந்தின் வடமேற்கே டிராங்ஸ்நெஸ் என்றொரு சின்ன மீனவர் கிராமம். நூறு பேர்கூட இல்லை. 1990-களில் குளிர்ந்த நீர் தேடிப் பூமியைத் துளைத்தார்கள். பூமித்தாய் வெந்நீரையே வார்த்துவிட்டாள்! வீடுகளைச் சூடாக்குவதும் அதுதான். கடலோரத்து மூன்று தொட்டிகளை நிரப்புவதும் அதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பொதுத் தண்ணீர் சுத்தமாயிருக்க வேண்டுமே! பெண்கள் அறையில், உடையின்றி, முதலில் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பாராமல் குளித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாராமுகமே தைரியம் தந்தது.

பிறகு குளியலுடையோடு சாலையைக் கடந்து, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்தேன். குளிர்காற்று காதைக் கிள்ளியது. பாட்டியம்மாள் சிரித்தபடி எதிரே கிரிம்ஸே தீவைச் சுட்டிக் காட்டினார். கூச்சமா? அது போன இடம் தெரியவில்லை!